மாது வைத்த சந்தனம்

பெயரைக் கேட்டது. புஷ்பமேரி அடித்தாள். பாஸ்வேர்டு கேட்டது. வீட்டுப் பசுவின் பெயரை அடித்தாள். அது அவளுக்கும் பசுவுக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம். ‘வெல்கம்’ என்று வந்தது. அடுத்து, மூன்று மாதமாக ஒருநாளும் தவறாமல் வந்து நின்ற பட்டியல் வரவேண்டும். தலைப்பு வரி வந்தது. ஊர்ப் பெயருக்கான கட்டம் வந்தது. கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் அழிந்து, கறுத்த திரையில் மறுபடியும் பெயரைக் கேட்டது.

வா வா என்று கூப்பிட்டு, வாசப்படி தாண்டியதும் உட்காரச் சொல்லாமல் திருப்பி அனுப்புகிற வீடு மாதிரி இருந்தது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தவள் பதினோரு மணிக்குள் பதினேழு தடவை பெயரைக் கொடுத்திருந்தாள். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். ஸ்டெபிலைசரின் முள் சரியாக நிற்கிறதா என்று பார்த்தாள். வேறு பிளாப்பியைப் போட்டாள். மேலாளர் ஸ்தனிஸ்லாஸ் சாரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள். அவரையும் அது உட்காரச் சொல்லவில்லை.

வெளியே மூன்றாம் நாளாகத் தூறிக்கொண்டிருந்தது. பெய்வதும் இல்லை, விடுவதும் இல்லை. கம்பைநல்லூர் சாலையின் புளியமரங்கள் ஈரத்தில் கறுத்து நின்றன. கன்னியர் மடத்துச் சிஸ்டர்கள் நடத்துகிற தொழுநோய் மருந்து மையம் அந்தச் சாலையில்தான் இருந்தது. முன்பு மணிலாக்கொட்டை மூட்டை அடுக்கிய ஓட்டுக்கட்டடம். அதில் ஓர் அறைக்கு மட்டும் பொய்க்கூரை போட்டு, ஜன்னலை அடைத்து, ஏசி வைத்து, எண்பத்தெட்டாம் வருஷம் ஆடி மாதம் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்தது. அந்த அறைக்குள் செருப்போடு யாரும் போகக்கூடாது. மூச்சைக்கூடக் கொஞ்சம் குறைத்துத்தான் விடுவார்கள்.

வியாழக்கிழமைதோறும் ஜீப் ஆறு ஊருக்குப் போகும். ஊருக்குள் போகாது. ஊருக்கு வெளியே ஒரு மரத்தடியில் நிற்கும். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொருவராக வந்து அந்த மாதத்து மாத்திரையை வாங்கிப் போவார்கள். யாருக்கு எத்தனை மாதம் முடிந்தது, யாருக்கு எந்த மாத்திரை தோலை உரித்தது, யாருக்கு அதை மறுபடி கொடுக்கவே கூடாது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பழைய அட்டைகளைச் சாக்கில் கட்டிக் கிடங்கில் போட்டாகிவிட்டது. மூன்று மாதமாக யாரும் அட்டையில் எழுதவில்லை.

“டீ, மேரிம்மா.”

மாது வாசலிலேயே நின்றான். உள்ளே டீ கொண்டுவரக்கூடாது என்பது அவனாகப் போட்டுக்கொண்ட சட்டம். அவன் கைவிரல்கள் உள்பக்கமாக மடங்கி விறைத்திருக்கும். தம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் அணைத்துத்தான் கொடுப்பான். அவனும் ஒரு காலத்தில் மரத்தடியில் முக்காடு போட்டு நின்றவன். நோய் போய்ப் பத்து வருஷம் ஆகியும் ஊர் அவனைச் சேர்க்கவில்லை. மையத்துக்குப் பின்னால் ஒரு கொட்டகையில் பெஞ்சாதி பாஞ்சாலியோடு இருந்தான். கூட்டுவான், டீ போடுவான், அந்தப் பெட்டிக்குப் பச்சைத் துணி போர்த்துவான். புஷ்பமேரி வேலைக்குச் சேர்ந்த அன்று, மற்றவர்கள் ‘அப்புறம்’ ‘அப்புறம்’ என்று தம்ளரைத் தள்ளி வைத்ததைக் கவனிக்காமல், அவள் வாங்கி மடமடவென்று குடித்துவிட்டாள். தாகம், அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவள் முதல் வாய் குடிக்கிறவரைக்கும் அவன் நகரமாட்டான். பார்த்துவிட்டுத்தான் போவான்.

“ஏங்க, இன்னும் கண்ணு தொறக்கலீங்களா?”

“தொறக்குது மாதண்ணா. தொறந்து உடனே மூடிக்குது.”

“தூக்கக் கலக்கமா இருக்குமோ என்னமோ. மழ பாருங்க.”

அவள் சிரித்தாள். அன்றைக்கு அதுதான் கடைசிச் சிரிப்பு.

மத்தியானம் ஸ்தனிஸ்லாஸ் சார் தன் அறையிலிருந்து பெங்களூருக்கு டிரங்கால் போட்டார். வாலிபத்தில் சாமியாராவதற்குச் செமினரியில் மூன்று வருஷம் படித்துவிட்டு, குருப்பட்டம் வேண்டாமென்று திரும்பி வந்தவர். கோபம் வந்தாலும் பூசைப் பிரசங்கம் மாதிரி மெதுவாகத்தான் பேசுவார். போனில் மட்டும் கத்துவார். மறுமுனையில் கிருஷ்ணப்பன் என்கிற இஞ்சினியர். கம்ப்யூட்டரை இறக்கி வைத்தவர் அவர்தான்.

“நீயே பேசு புஷ்பம். எனக்கு அவர் சொல்றது பாதி கன்னடமாக் கேக்குது.”

“நோடி மேடம்,” என்றது தூரத்துக் குரல், “பேரு, பாஸ்வேர்டு, அதெல்லாம் வாங்கிக்குது, இல்ல?”

“வாங்கிக்குதுங்க. பட்டியலு தலையக் காட்டிட்டு ஓடிப்போவுது.”

“ஸ்விட்ச் போட்டதும், பேரு கேக்கறதுக்கு முன்னாடி என்ன வருது? ஏதாச்சும் நம்பர்?”

அவள் யோசித்தாள். ஒரு நம்பர் வந்தது. கூடவே ஒரு கீச்சுச் சத்தம். போன வாரம் அது இல்லை. இன்று காலையிலிருந்து பதினேழு தடவையும் வந்தது. உள்ளே போக முடியவில்லையே என்கிற பதற்றத்தில் வாசலில் எழுதியிருந்ததை யாரும் படிக்கவில்லை.

“இருங்க சார், லைன்ல இருங்க.” ஓடிப்போய் மறுபடி போட்டுப் பார்த்து, உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு வந்து படித்தாள்.

“ஆங். அது கீபோர்டு மேடம். ஏதோ ஒரு கட்டை அமுங்கின மாதிரியே நிக்குது. இடது பக்கம் ரெண்டு வரிசையில பத்துக் கட்டை இருக்கே, அதுல கடைசிது. வேலை முடிஞ்சா வெளிய போறதுக்கு அதத்தானே அழுத்துவீங்க? பேரு கேக்கும்போது அதுக்கு அந்தக் கட்டை கண்ணுக்குத் தெரியாது. பட்டியலு வந்ததும் தெரிஞ்சுபோவுது. வெளிய போன்னு நீங்க சொல்றதா நினைச்சு மூடிக்குது. பாவம், அதும்மேல தப்பு இல்ல.”

“அழுத்தி அழுத்தி எடுத்துப் பாக்கட்டுங்களா?”

“பேடம்மா, நீங்க ஏதும் செய்ய வேணாம். புதன்கிழமை நானே வர்றேன். உள்ள ஏதாச்சும் விழுந்திருக்கும். ஏதாச்சும் கொட்டுனீங்களா?”

“இல்லீங்க,” என்றாள். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு ரிசீவரை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள்.

“உள்ள என்ன விழுந்திருக்குமாம்?” என்றார் ஸ்தனிஸ்லாஸ் சார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தவர், பதில் வருவதற்கு முன்பே ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே மாது துடைப்பத்தால் மழைத்தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

“ஆயுத பூசைக்குச் சந்தனம் வெச்சானே,” என்றார்.

வைத்தான். பத்து நாளைக்கு முன்னால், ஜீப்புக்கும் ஆட்டுக்கல்லுக்கும் துடைப்பக்கட்டைக்கும் வைத்துவிட்டு, கிண்ணத்தோடு வந்து அறை வாசலில் நின்றான். “ஒரே ஒரு பொட்டு வெச்சுக்கட்டுங்களா மேரிம்மா? வந்ததுலேர்ந்து ஓயாம வேல செய்யுதே.” அவள்தான் தலையாட்டினாள். செருப்பை விட்டு, கைகால் கழுவிவிட்டு வந்து, விறைத்த விரலின் முதுகால் சந்தனத்தை எடுத்துத் திரையின் நெற்றியில் ஒன்று, பெட்டியின் தலையில் ஒன்று, கீபோர்டின் ஓரத்தில் ஒன்று வைத்தான். கீபோர்டில் வைத்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். மறுநாளே எல்லாவற்றையும் துடைத்துவிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்தனிஸ்லாஸ் சார் மாதுவைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

“உன்னை யாரு சந்தனம் வெக்கச் சொன்னது மாது?”

“யாரும் சொல்லலீங்க. நானாத்தான் வெச்சேன்.” பக்கத்தில் நின்ற புஷ்பமேரியைப் பார்க்கவே இல்லை.

“இது என்ன மாட்டுக் கொம்பா? வெளிநாட்டுக்காரங்க வந்து கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்? வியாழக்கிழம ஜீப்பு எந்தப் பட்டியல எடுத்துக்கிட்டுப் போகும்?”

மாது உள்ளங்கைகளைச் சேர்த்துக்கொண்டு நின்றான்.

“தப்புத்தாங்க. பன்னீர் ஊத்திக் கரைச்சேன். நல்லா மணமா இருக்கட்டும்னு. வெறுந்தண்ணியில கரைச்சிருந்தா உள்ள போயிருக்காதோ என்னமோ.”

“இஞ்சினியர் வந்து பாக்கட்டும். பாத்துட்டுப் போனதும் நீ சாவியக் குடுத்துடு. கொட்டகையும் காலி பண்ணிடு. பெரிய சிஸ்டருகிட்ட நான் பேசிக்கிறேன்.”

“நாங்க எங்கீங்க போவறது?” என்று அவன் கேட்கவில்லை. சரிங்க என்று மட்டும் சொன்னான். அப்படிக் கேட்டிருந்தால் தேவலை என்று புஷ்பமேரிக்கு இருந்தது.

அன்று முழுக்க அவளும் மையத்தில் வேலை பார்க்கிற இன்னொருத்தரும் சாக்கை அவிழ்த்துப் பழைய அட்டைகளைப் பார்த்து எழுதினார்கள். அட்டைகளில் கரையான் மண் ஒட்டியிருந்தது. ஆடிக்குப் பிறகு யாருக்கு என்ன ஆனது என்று அட்டைக்குத் தெரியாது. டீ வந்தது. மாது நின்றான். அவள் தம்ளரை அட்டைகளுக்கு நடுவில் வைத்தாள். இருந்தாலும் அவன் நிற்கிறானே என்று ஒரு வாய் குடித்தாள்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு மைல் நடந்து வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் கேழ்வரகுக் கதிர் நனைந்து தலை தொங்கிக் கிடந்தது. இந்தத் தூறல் இன்னும் நாலு நாள் நின்றால் கதிரிலேயே முளைத்துவிடும் என்று அப்பா பெரியநாயகம் கொல்லை மேட்டில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் அம்மா மதலேனம்மாள் களி கிண்டிக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஈர விறகு அழுதது. மொச்சைக்கொட்டைக் குழம்பு கொதித்தது.

“அந்த உப்புச் சாடிய எடு கண்ணு.”

எடுத்தாள். சாடியின் வெளிப்புறம் வியர்த்திருந்தது. கைவிட்டால் உப்பு ஊறிக் கஞ்சியாக ஒட்டியது. ஒவ்வொரு மழைக்கும் இப்படித்தான். வெயில் காலத்தில் கல்லாகக் கிடக்கிற உப்பு, நாலு நாள் தூறினால் தானாகக் கசியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறாள். கையில் ஒட்டிய உப்பைப் பார்த்தபடியே அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னாடி, பேயறைஞ்ச மாதிரி?”

“ஆத்தா, மாதா கோயில் தீர்த்தத்துல உப்புப் போட்டுத்தானே மந்திரிப்பாங்க?”

“பின்ன? உப்பில்லாத தீர்த்தம் ஏது? சாமியாரு கை நெறய எடுத்துப் போடுவாரே.” மதலேனம்மாள் கிளறுவதை நிறுத்தினாள். “எதுக்குக் கேக்கற?”

ஆயுத பூசை அன்று மாது சந்தனம் வைத்த கதையை வீட்டில் வந்து சொன்னது அவள்தான். சிரித்துக்கொண்டே சொன்னாள். மதலேனம்மாள் சிரிக்கவில்லை. “அவன் அவங்க சாமியக் கூப்புட்டு உக்கார வெச்சுட்டான். நீ சும்மா பாத்துக்கிட்டு வந்துட்டியா? கெணத்து மோட்டாருக்குத் தெளிச்சோம், சைக்கிளுக்குத் தெளிச்சோம், அதுக்கு மட்டும் வேணாமா?” என்று, ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழமை மந்திரித்த தீர்த்தத்தை இருமல் மருந்து பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள். அடுத்த வேலைநாள் காலை, மாது கிணற்றடியில் இருந்தபோது, புஷ்பமேரி அறைக்குள் போய்ச் சிலுவை போட்டுவிட்டுத் தெளித்தாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பாட்டில் வாய் சறுக்கி ஒரு மடக்குத் தண்ணீர் கீபோர்டின் இடது பக்கம் கொட்டியது. முந்தானையால் ஒற்றி எடுத்தாள். வெயில் அடித்த நாள். காய்ந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை. பிறகு மழை பிடித்தது.

எல்லாவற்றையும் சொன்னாள். மதலேனம்மாள் களிப் பானையை இறக்கி வைத்தாள்.

“இப்ப என்னா செய்யப் போற?”

“சொல்லணும்.”

“என்னான்னு? தீர்த்தம் தெளிச்சேன், கெட்டுப்போச்சுன்னா? வாயி கூசாதா உனக்கு? நாளைக்கு ஊரு பூரா அதத்தானே பேசும். அவங்க சந்தனம் வெச்சாங்க, நல்லா இருந்துச்சு. இவங்க தீர்த்தம் தெளிச்சாங்க, போச்சு.”

“மாதண்ணன் கொட்டகையக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க ஆத்தா.”

“அவனுக்கு ஒரு எடம் ஆண்டவரு காட்டுவாரு.”

“யாரு சேப்பாங்க அவன? நீ சேப்பியா? இந்த வூட்டுக்குள்ள?”

மதலேனம்மாள் களியை உருட்டித் தட்டில் வைத்தாள். உருண்டை வழக்கம்போல் வழவழவென்று வரவில்லை. வெடித்திருந்தது.

“உன்னயும் அனுப்பிடுவாங்க,” என்றாள் கடைசியில், ரொம்பச் சின்னக் குரலில். “எங்க வம்சத்துல நெழல்ல உக்காந்து வேல பாத்த மொதல் பொண்ணு நீதான். அதத்தான் நான் பாக்கறேன். எனக்கு வேற என்னாத்தப் பாக்கத் தெரியும்?”

குழம்பு மணத்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். உப்பு கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று இருவருமே சொல்லவில்லை.

புதன்கிழமை பதினோரு மணிக்குக் கிருஷ்ணப்பன் வந்தார். தருமபுரியில் ரயிலைவிட்டு இறங்கி, பஸ் பிடித்து, முழங்கால்வரை சேறு. ஓசூர்ப் பக்கத்து ஆள். குட்டையான, சந்தோஷமான மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு அறைக்குள் வந்ததும், “என்ன மேடம், கோயில் மாதிரி வெச்சிருக்கீங்க, பிரசாதம் எங்க?” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பெயரைக் கொடுத்துப் பார்த்தார். தலைப்பு வந்து ஓடியது. கீபோர்டின் கேபிளைப் பிடுங்கிக் கவிழ்த்து, திருகுகளைக் கழற்றி, மூடியைத் தூக்கினார். ஸ்தனிஸ்லாஸ் சார் கிட்டே வந்து குனிந்தார். மாது வாசலுக்கு வெளியே, டீத்தட்டைக் கையணைத்து நின்றிருந்தான். தோளில் ஒரு துணி மூட்டை. பாஞ்சாலி கொட்டகைக்குள் சாமான் கட்டுகிற சத்தம் பின்னாலிருந்து கேட்டது.

“சந்தனம் இருக்கா?” என்றார் ஸ்தனிஸ்லாஸ் சார்.

“சந்தனமா? இல்லையே.” கிருஷ்ணப்பன் சின்ன ஸ்க்ரூடிரைவரின் நுனியால் சுரண்டி, நகத்தில் வைத்துப் பார்த்தார். வெள்ளையாக, ஈரமாக மினுங்கியது. யாரும் எதிர்பார்க்காதபடி அதை நாக்கில் வைத்துப் பார்த்தார். “உப்பு. இங்க எங்கேர்ந்து சார் கடல் வந்துச்சு?”

ஸ்தனிஸ்லாஸ் சார் அந்த வெள்ளைத் துளியையே பார்த்தார். பிறகு நிமிர்ந்தார். நிமிர்ந்தபோது புஷ்பமேரியின் முகம் இருந்த பக்கத்தைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் பார்த்தார்.

“கஞ்சியா இருக்கும்,” என்றார். “இவன் உப்புப் போட்டுக் கஞ்சி குடிக்கிறவன். வாளியோட உள்ள வந்திருப்பான். கூட்டும்போது.”

மாது வாசலில் வாயைத் திறந்து, மூடினான். தான் கஞ்சி வாளியோடு எப்போதாவது உள்ளே வந்தோமா என்று நிஜமாகவே யோசிப்பது அவன் முகத்தில் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால், வந்தேன் என்று ஒப்புக்கொண்டுவிடுவான்.

“அது கஞ்சி இல்ல சார்,” என்றாள் புஷ்பமேரி. “தீர்த்தம். நான் தெளிச்சேன். கை தவறிக் கொட்டிடுச்சு. ஆயுத பூசை முடிஞ்சு, மாதண்ணன் சந்தனத்தத் தொடச்சதுக்கு அப்புறம்.”

“தீர்த்தமா?” என்றார் கிருஷ்ணப்பன் ஆர்வமாக. “அதுல உப்புப் போடுவாங்களா? எங்க பக்கம் துளசிதான்.” சுற்றிலும் முகங்களைப் பார்த்துவிட்டு, “மெசினுக்கு எல்லா சாமியும் ஒண்ணுதான் மேடம், தண்ணின்னா தண்ணி,” என்று முணுமுணுத்துவிட்டுக் குனிந்துகொண்டார். “கொஞ்சம் ஸ்பிரிட்டும் பஞ்சும் குடுங்க. இங்க அதுக்குப் பஞ்சம் இருக்காதே.”

அரைமணி நேரம் துடைத்தார். ஒவ்வொரு கட்டையாகக் கழற்றித் துடைத்து, ஊதி, மறுபடி வைத்தார். அந்த அரைமணி நேரமும் ஸ்தனிஸ்லாஸ் சார் ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஜன்னல் இருந்த இடத்தைப் பார்த்து நின்றார். பிறகு அவளை வெளித் தாழ்வாரத்துக்கு வரச்சொன்னார்.

“உப்ப மந்திரிக்கிற செபத்த செமினரியில மூணு வருஷம் நான் எடுத்துக் குடுத்திருக்கேன் புஷ்பம்,” என்றார் மெதுவாக. “பாத்ததுமே எனக்குத் தெரியும். நீ சொல்லாம இருந்திருக்கலாம்.”

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

“பெரிய சிஸ்டருக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடு. என்ன நடந்துச்சோ அத எழுது. அவங்க என்ன முடிவு பண்ணுவாங்கன்னு எனக்குத் தெரியாது. நாளைக்கு ஜீப்புக்குப் பட்டியல எடுத்துக் குடுத்துட்டுப் போ.” கொஞ்சம் நின்று, “மாதுவ மூட்டைய அவிழ்க்கச் சொல்லு,” என்றார். அதை அவரே சொல்லியிருக்கலாம். மாது பத்தடி தூரத்தில்தான் நின்றிருந்தான்.

அவள் போய், “மூட்டைய அவிழ்க்கச் சொன்னாங்க மாதண்ணா,” என்றாள்.

“சரிங்க,” என்றான். நேற்று சொன்ன அதே சரிங்க. தோளிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தான். “நேத்தே தெரியுங்களா உங்களுக்கு?”

“சாயங்காலந்தான் புரிஞ்சுது. ஆனா...” திங்கட்கிழமை டெலிபோனில் இல்லீங்க என்று சொல்லிவிட்டு ரிசீவரைக் காது மாற்றியது நினைவுக்கு வந்தது. “திங்கக்கிழமயே ஒரு சந்தேகம் இருந்துச்சு.”

“பாஞ்சாலி ரெண்டு நாளா சோறு திங்கல. அந்தப் பன்னீர அவதான் வாங்கியாந்தா.” கோபமாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னான்.

உள்ளேயிருந்து கிருஷ்ணப்பன் கூப்பிட்டார். “வாங்க மேடம், உங்க கையாலயே போடுங்க.”

பெயரைக் கேட்டது. கொடுத்தாள். பசுவின் பெயரைக் கொடுத்தாள். வெல்கம் என்றது. தலைப்பு வந்தது. ஊர் வந்தது. ஓடவில்லை. பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கி வரிசையில் நின்றன, மரத்தடியில் நிற்பது மாதிரி. வெள்ளை மாத்திரை ஆகாதவர்களின் பெயருக்கு எதிரே அவள் ஆவணியில் போட்ட நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. அச்சிடச் சொன்னாள். பிரிண்டர் கிறீச்சிட்டுக்கொண்டு காகிதத்தைத் தள்ளத் தொடங்கியது.

“ஆயித்து,” என்றார் கிருஷ்ணப்பன், கையைத் துடைத்துக்கொண்டு. “டீ இருக்கா?”

மாது தட்டோடு வந்தான். வாசலில் நின்றான். கிருஷ்ணப்பன் எழுந்து போய் வாங்கிக்கொண்டார். ஸ்தனிஸ்லாஸ் சாரும் கை நீட்டி வாங்கினார். இத்தனை வருஷத்தில் அவர் அவன் கையிலிருந்து நேராக வாங்குவது அதுதான் முதல்தடவை. ஒரே மூச்சில் குடித்தார். மூன்றாவது தம்ளரை மாது வாசலோரத்து ஸ்டூலில் வைத்தான். அவளுக்குத்தான்.

அவள் வந்து தம்ளரை எடுத்தாள். சுட்டது. வாய்க்குக் கொண்டுபோகும்போது வழக்கம்போல நிமிர்ந்து பார்த்தாள்.

அவன் அதற்குள் தாழ்வாரத்தின் கோடியில் போய்க்கொண்டிருந்தான். ஒரு கையில் காலித் தட்டு, இன்னொரு கையின் மடங்கிய விரல்களில் மூட்டை. கொட்டகைக்குள் போகிறவரைக்கும் திரும்பவில்லை. அவள் தம்ளரை வாயோரத்திலேயே வைத்துக்கொண்டு நின்றாள். தூறல் விட்டிருந்தது. ஓட்டிலிருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு குடித்தாள். டீ நன்றாகத்தான் இருந்தது.